ஒரு நாள் விட்டு ஒரு நாள்: வன்னி நோயாளியின் வோர்ஃபரின் அளவு பாதியான விதம் – நிகழ்வு ஆய்வு

வட இலங்கையின் வன்னியிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்பப்படும் நோயாளியோடு கிளினிக் கொப்பி போகும், இருதயத்தின் எக்கோ ஸ்கேன் அறிக்கை போகும், சொந்தக்காரர் ஒருவர் போவார். அங்கே பேசப்படும் மொழி தெரிந்தவர் கூடப் போவது அரிது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. ஆனாலும் இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்க்கான சில சிகிச்சைகள் என்று வரும்போது யாழ்ப்பாணத்துக்கோ, அநுராதபுரம், கண்டி, கொழும்பு, மகரகம என்று தெற்கு நோக்கியோ போகத்தான் வேண்டும். தெற்கே போனால் வாட்டில் பேச்சு சிங்களம், கொப்பியில் எழுத்து ஆங்கிலம். இரண்டும் தெரியாத நோயாளி, தன் உடம்பைப் பற்றிய பேச்சுக்கு வெளியே நிற்கிறார்.

கீழே வருவது தனி ஒருவரின் கோப்பு அல்ல. ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை ஒரு நோயாளியின் பாதையில் வைத்து, பயிற்சிக்காகக் கட்டிய மாதிரி நிகழ்வு. வைத்தியசாலைகளுக்குப் பெயர் இல்லை. மருந்தும் அளவுகளும் நடைமுறையில் உள்ளவை.

நிகழ்வு

நோயாளிக்கு 47 வயது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் கிராமம். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இருதயத்தின் மைட்ரல் வால்வு பழுதாகி, நான்கு வருடங்களுக்கு முன் தெற்கில் உலோக வால்வு பொருத்தப்பட்டது. அந்த வால்வில் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க வோர்ஃபரின். இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண், மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி உறைந்து மூளைக்குப் போகும், கூடினால் இரத்தம் கசியும். இவர் ஒவ்வொரு இரவும் 5 மி.கி. குளிசை ஒன்று, 1 மி.கி. குளிசை ஒன்று, மொத்தம் 6 மி.கி. எடுத்துவந்தார். பல மாதங்களாக எண் ஒழுங்காக இருந்தது.

அன்றைய கிளினிக்கில் ஐ.என்.ஆர். 5.8. இரத்தக் கசிவு எதுவும் இல்லை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்குச் சிங்களம் தெரியாது. வரிசையில் பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், வேறொரு நோயாளியின் மகன், தானாக முன்வந்தார். அவர் வராவிட்டால் சைகையால்தான் அந்தக் கிளினிக் நடந்திருக்கும். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வைத்தியர் கேட்டது: கடந்த ஒரு மாதத்துக்குள் கிளினிக் மருந்து தவிர வேறு ஏதாவது, ஓரிரு நாளைக்கென்றாலும், எடுத்தாரா?

இளைஞர் கேட்டது: "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ அம்மா?"

"இல்லைத் தம்பி, கிளினிக் மருந்து மட்டுந்தான்."

வைத்தியர் கொப்பியில் 'ஓமிட் 2/7, பிறகு 5/6 மி.கி. ஈ.ஓ.டி., ஐ.என்.ஆர். 1/52' என்று ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டு நாள் நிறுத்தி, பிறகு ஓர் இரவு 5 மி.கி., மறு இரவு 6 மி.கி. என்று மாறி மாறி எடுத்து, ஒரு கிழமையில் மீண்டும் இரத்தம் பார்க்கவேண்டும் என்பது அதன் பொருள். வாயாலும் விளக்கினார்: இன்றும் நாளையும் வேண்டாம், பிறகு ஐந்து மில்லிகிராம் ஒவ்வொரு இரவும், ஒரு மில்லிகிராம் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

நோயாளியின் காதுக்கு வந்தது இது: "இண்டைக்கும் நாளைக்கும் குளிசை வேண்டாமாம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடட்டாம். ஒரு கிழமையால இரத்தம் பாக்கோணுமாம்."

"விளங்கிச்சோ எண்டு கேக்கிறார்." நோயாளி தலையாட்டினார். அடுத்த கொப்பி திறக்கப்பட்டது.

மருந்து கொடுக்கும் இடத்தில் 5 மி.கி. 28 குளிசையும் 1 மி.கி. 14 குளிசையும் இரண்டு உறைகளில் கிடைத்தன. உறையின் மேல் எழுதியது சிங்களத்தில். வீட்டில் அதை வாசிக்க யாருமில்லை. ஒரு கிழமையில் இரத்தம் பார்ப்பது எங்கே என்று எவரும் சொல்லவில்லை. கொப்பியில் குத்திய அடுத்த திகதி நான்கு கிழமைக்குப் பிந்தியது. அந்தத் திகதியையே அவர் பிடித்துக்கொண்டார்.

இருபத்தோராம் நாள் காலை தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. வலது கை மரத்து, பேச்சுக் குழறியது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்புலன்ஸில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தபோது பேச்சு தெளியத் தொடங்கியிருந்தது. ஐ.என்.ஆர். 1.3. மூளை சி.டி.யில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதியான பின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் தொடங்கி, வோர்ஃபரினைச் சரியான அளவில் கொடுத்து, எண் இலக்குக்கு வந்ததும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கை முழுமையாகத் திரும்பியது. திரும்பாமலும் போயிருக்கலாம்.

குளிசையை எண்ணியபோது

'நோயாளி மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை' என்று கோப்பில் எழுதிவிட்டுப் போயிருந்தால் விடயம் அங்கேயே புதைந்திருக்கும். வாட்டிலிருந்த தமிழ் தாதி உத்தியோகத்தர் வீட்டிலிருந்து உறைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினார். இந்த ஆய்வின் மையம் அந்த எண்ணிக்கைதான்.

கடந்துபோன இரவுகள் 20. முதல் இரண்டு இரவு நிறுத்தம். மீதி 18 இரவு. வைத்தியர் சொன்னபடி என்றால் 5 மி.கி. 18, 1 மி.கி. 9 செலவாகி, உறைகளில் முறையே 10உம் 5உம் மிஞ்சவேண்டும். மிஞ்சியிருந்தவை 5 மி.கி. 19, 1 மி.கி. 5. சின்னக் குளிசைக் கணக்கு அச்சொட்டாகச் சரி. பெரிய குளிசையில் மட்டும் 9 கூடுதல். அதாவது அவர் ஓரிரவுகூடத் தவறவிடவில்லை. நான்கு வருடமாக இரண்டு குளிசையையும் சேர்த்தே போட்டுப் பழகியவர், 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்றதும் இரண்டையும் சேர்த்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார். 18 இரவில் 99 மி.கி. போகவேண்டிய இடத்தில் 54 மி.கி. போனது. கிழமைக்கு 38.5 மி.கி. என்றிருந்தது 21 மி.கி. ஆனது. சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவர் மேல் 'ஒழுங்கில்லை' என்ற முத்திரை விழ இருந்தது.

தமிழில் பேச்சுக் கொடுத்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. அந்தக் கிளினிக்குக்கு முந்திய கிழமை பல் வீங்கி, தனியார் மருந்தகம் ஒன்றில் ஐந்து நாளைக்கு மெட்ரோனிடசோல் எடுத்திருக்கிறார். இந்த மருந்து வோர்ஃபரினை ஈரல் உடைத்து வெளியேற்றுவதைத் தடுக்கும், ஐ.என்.ஆரைக் கூட்டும். 5.8க்குக் காரணம் அதுவாகவே இருந்திருக்கவேண்டும். அந்த மருந்து முடிந்ததும் எண் தானாகவே இறங்கத் தொடங்கும். அப்படியானால் இரண்டு நாள் நிறுத்தி, பழைய 6 மி.கி. அளவுக்கே திரும்பி, கிழமைக்குள் இரத்தம் பார்த்திருந்தால் போதும். தெரியாமல் வைத்தியர் அளவைக் குறைத்தார். குறைத்ததும் பாதியாகிப் போனது. உள்ளே போன தகவலும் வெளியே வந்த கட்டளையும் ஒரே திசையில் பிழைத்தன. ஒன்று மட்டும் பிழைத்திருந்தால் எண் 1.3 வரை விழுந்திருக்காது.

எங்கே அறுந்தது

கேள்வியில் விடுபட்டது 'கடந்த ஒரு மாதத்துக்குள்' என்ற காலம். 'பாவிக்கிறீங்களோ' என்றால் இப்போது என்று பொருள். ஐந்து நாளில் முடிந்த பல் மருந்து அதற்குள் வராது. நம் ஆட்கள் பலருக்குப் பல்லுக்குப் போட்டதும், நோவுக்கு வாங்கிய குளிசையும், நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணமும் 'மருந்து' என்ற கணக்கில் வருவதில்லை. ஆகவே வோர்ஃபரின் எடுப்பவரிடம் திறந்த கேள்வி போதாது, பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்: பல்லுக்கு ஏதும் போட்டீங்களோ? காய்ச்சலுக்கு? மூட்டு நோவுக்கு? பார்மசியில கேட்டு வாங்கினதோ? நாட்டு மருந்து, எண்ணெய்? முருங்கையிலை, பொன்னாங்காணி வழமையை விடக் கூடவோ குறையவோ? கீரையில் உள்ள விற்றமின் 'கே' வோர்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். கீரையை நிறுத்தத் தேவையில்லை, ஒவ்வொரு கிழமையும் ஏறத்தாழ ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

கட்டளையில் விடுபட்டவை எண்கள். மொழிபெயர்ப்புப் பயிற்சி இல்லாதவர் ஒரு பேச்சின் சாரத்தைத்தான் பிடிப்பார். அன்றாட உரையாடலுக்கு அது போதும், மருந்தளவுக்கு அது ஆபத்து. அமெரிக்காவில் கிளென் புளோரஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களோடு நடந்த 13 குழந்தை மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவில் 396 மொழிபெயர்ப்புத் தவறுகள் எண்ணப்பட்டன, சந்திப்புக்குச் சராசரி 31. பாதிக்குச் சற்று மேல் 'விடுபடுதல்' என்ற வகை. 63 வீதமானவை சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. அதே குழு 2012இல் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பார்த்தபோது, பாதிக்கக்கூடிய தவறின் வீதம் தொழில்முறை உரைபெயர்ப்பாளரிடம் 12, அகப்பட்டவரை வைத்துப் பேசியபோது 22, எவருமே இல்லாதபோது 20. 100 மணிநேரமாவது பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரிடம் அது 2 வீதம். அகப்பட்டவரை வைத்துப் பேசுவது, எவருமில்லாமல் பேசுவதைவிடப் பாதுகாப்பாக இருக்கவில்லை என்பதை ஒவ்வொரு வாட்டுப் பொறுப்பாளரும் ஒருமுறை நின்று யோசிக்கவேண்டும்.

எழுத்து காப்பாற்றியிருக்கலாம். ஆனால் கொப்பியில் இருந்தது மருத்துவச் சுருக்கெழுத்து. '2/7' என்பது ஏழில் இரண்டு, அதாவது இரண்டு நாள். '1/52' ஒரு வாரம். வைத்தியருக்கு வைத்தியர் எழுதுவதற்கு இது சரி. ஓ.எல். பரீட்சை வரை படித்த மகள் வீட்டில் இருந்தாலும் '1/52'ஐ ஒரு கிழமை என்று வாசிக்கமாட்டாள்.

கடைசிக் கண்ணி 'விளங்கிச்சோ?'. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால், பின்னால் ஐம்பது பேர் நிற்கையில், 'விளங்கேல்லை' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அந்தக் கேள்விக்குத் தலையாட்டலைத் தவிர வேறு பதில் கிடையாது. அதைக் கேட்பதை நிறுத்திவிடுவது நல்லது.

அதே கிளினிக்கை எப்படி நடத்தலாம்

ஒவ்வொரு வாட்டிலும் கிளினிக்கிலும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் யார் யார், எந்த நேரக் கடமை என்ற பட்டியல் சுவரில் இருக்கவேண்டும். தாதி, மருந்தாளர், சிற்றூழியர் எவராகவும் இருக்கலாம். பதவி முக்கியமல்ல, சோதித்துப் பார்ப்பதுதான் முக்கியம். சோதனை எளிது: மூன்று மருந்து, நான்கு எண், ஒரு நிபந்தனை உள்ள கட்டளையைச் சிங்களத்தில் சொல்லி, தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஓர் எண் விடுபட்டாலும் அவருக்கு முதலில் பயிற்சி, பிறகுதான் பட்டியல். மொழி தெரிந்த உத்தியோகத்தர் கடமையில் இல்லாவிட்டால் கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, மேசையின் நடுவில் வைத்து, பட்டியலில் உள்ள இன்னொருவரை அழைக்கலாம். கூச்சலான மண்டபத்தில் அது சரிவராது, கதவுள்ள அறை வேண்டும்.

பேசத் தொடங்குமுன் உரைபெயர்ப்பாளருக்கு அரை நிமிடம் கொடுத்து, இன்று பேசப்போவது எதைப்பற்றி, எந்த மருந்து, எந்த எண்கள் என்று சொல்லிவிடுவது பெரும் வித்தியாசம் தரும். அவர் நோயாளியிடம், "அம்மா, இங்க கதைக்கிற எல்லாத்தையும் நான் அப்படியே மற்றப்பக்கம் சொல்லுவன், ஒண்டையும் வெளியில கொண்டுபோக மாட்டன்" என்று தொடங்கவேண்டும். வைத்தியர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். 'அவவிட்டக் கேள்' என்றல்லாமல் நேரே 'உங்களுக்கு' என்று. இரண்டு வசனம், நிறுத்தம். உரைபெயர்ப்பாளர் நோயாளிக்காகப் பதில் சொல்லக்கூடாது. விளங்காததை அனுமானிக்காமல், 'இதைத் திருப்பிக் கேட்கிறேன்' என்று இரு பக்கத்துக்கும் அறிவித்துக் கேட்கவேண்டும். எண் வந்தால் அவர் கையில் உள்ள தாளில் எழுதி, வைத்தியரிடம் திருப்பி வாசித்து, பிறகே தமிழில் சொல்லவேண்டும்.

'களைப்பு' போன்ற சொற்களில் நிதானம் தேவை. வன்னியில் 'களைக்குது' என்பவர் பல வேளைகளில் சொல்வது மூச்சு வாங்குவதை. வால்வு நோயாளியில் அதைச் சோர்வு என்று மாற்றிச் சொன்னால் அவசரம் காணாமல் போய்விடும். "நடக்கேக்குள்ளயோ, படுத்தாலுமோ? மூச்சு முட்டுதோ, உடம்பு ஏலாமல் கிடக்குதோ?" என்று பிரித்துக் கேட்பது வழி.

முடிவில் 'விளங்கிச்சோ' வேண்டாம். குளிசையை மேசையில் கொட்டி, "அம்மா, இண்டைக்கு இரவு எதைப் போடுவீங்கள்? நாளைக்கு? நாளையிண்டைக்கு? அதுக்கு அடுத்த நாளைக்கு? எடுத்துக் காட்டுங்கோ" என்று கேட்கவேண்டும். இந்த நோயாளி மூன்றாம் இரவுக்கு இரண்டையும், நான்காம் இரவுக்கு ஒன்றுமில்லாமலும் காட்டியிருப்பார். தவறு அந்த மேசையிலேயே பிடிபட்டிருக்கும். காட்டும்போது நிறத்தை நம்பவேண்டாம், கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். உறையில் உள்ள மி.கி. எண்ணைச் சுட்டிக் காட்டுங்கள். 5ஐயும் 1ஐயும் வாசிக்க எந்த மொழியும் தேவையில்லை.

'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்ற ஏற்பாட்டையே தவிர்ப்பது இன்னும் நல்லது. கிழமைக்கு ஏழு நாள் என்பதால் இந்த வாரம் திங்கள் 6 மி.கி. என்றால் அடுத்த வாரம் திங்கள் 5 மி.கி. ஒருமுறை தடம் மாறினால் திரும்பப் பிடிக்க வழியில்லை. அதற்குப் பதிலாகக் கிழமையைக் கட்டிவிடலாம்: செவ்வாய், வியாழன், சனி 5உம் 1உம்; மற்ற நான்கு நாளும் 5 மட்டும். கிழமைக்கு 38 மி.கி., வைத்தியர் நினைத்த 38.5க்கு அரை மில்லிகிராம்தான் குறைவு. ஏழு கட்டம் போட்ட ஒரு தாள், மேலே தமிழில் நாட்பெயர், கீழே எத்தனை குளிசையோ அத்தனை வட்டம். கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவிடலாம். நிறுத்தவேண்டிய நாளுக்குப் பெரிய பெருக்கல் குறி, அடுத்த இரத்தப் பரிசோதனைக்குத் திகதியும் இடமும். 'ஒரு கிழமையில்' என்று எழுதுவதை விடத் திகதி எழுதுவது மேல். இடம் நோயாளிக்குப் போகக்கூடிய இடமாக இருக்கவேண்டும். ஒரு குழாய் இரத்தத்துக்காக ஏ9இல் இராப்பயணம் போய்வர ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்துக்கு முடியாது. அருகிலுள்ள வைத்தியசாலையில் பார்த்து முடிவைத் தொலைபேசியில் சொல்லலாமா என்று கேட்டிருந்தால், எண் இறங்கியது இரண்டாம் கிழமையிலேயே தெரிந்திருக்கும்.

யாரை உரைபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது

பிள்ளைகளை வைக்கக்கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை சிங்களம் நன்றாகப் பேசும் என்பதற்காகத் தாயின் கருப்பை நோயை அதன் வாயால் சொல்லவைப்பது இருவருக்கும் கொடுமை. மகப்பேறு, குடும்ப வன்முறை, மனநலம் ஆகியவற்றில் கணவரையும் சொந்தக்காரரையும் வைக்கக்கூடாது.

வன்னிக்கே உரிய இன்னொன்று உண்டு. இங்கே பலரின் உடம்பில் 2009இல் முடிந்த போரில் பட்ட செல் துண்டும் சன்னமும் இன்னும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்பது கட்டாயம். காந்தத்தில் துண்டு அசைந்தால், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால், மீளாத சேதம் வரலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் இடையில் நின்று, "எப்பிடிப் பட்டது? எங்க பட்டது? எப்ப?" என்று கேட்டால் பலர் 'ஒண்டுமில்லை' என்றே சொல்வார்கள். பயத்தால் வரும் பதில் அது. தேவையான கேள்விகள் இரண்டுதான்: உடம்புக்குள் இரும்புத் துண்டு ஏதும் இருக்கோ, எந்த இடத்தில. எப்படிப் பட்டது என்பது எம்.ஆர்.ஐ. அறைக்குத் தேவையில்லை. அதைக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் உண்மை வரும். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே.

இது எல்லாம் இரு பக்கமும் பொருந்தும். வெலிஓயாவிலிருந்தும் வவுனியா தெற்கிலிருந்தும் தமிழ் பேசும் வாட்டுக்கு வரும் சிங்கள நோயாளிக்கும் அதே தலையாட்டல், அதே ஆபத்து.

சட்டமும் வாட்டும்

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் அரச அலுவலரோடு தன் மொழியில் அலுவல் பார்க்கும் உரிமையை விரித்தது. 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழு முறைப்பாடுகளை விசாரிக்கிறது. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்வோர் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்ற சுற்றறிக்கையும் 2007இல் வந்தது. அந்தத் தேர்ச்சி வாழ்த்துச் சொல்லவும் படிவம் நிரப்பவும் உதவும். மருந்தளவை இடம் மாற்றாமல் கொண்டுபோக அது போதாது. நீதிமன்றத்தில் சாட்சியின் வார்த்தையை மாற்றிச் சொல்லச் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். உயிர் நேரடியாகத் தொங்கும் வாட்டில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இல்லை. இந்த இடைவெளியை ஆணைக்குழுவிடம் எழுத்தில் கொண்டுபோக வேண்டியவர்கள் நோயாளிகள் மட்டுமல்ல, வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களும்தான். எழுதும்போது திகதி, வாட்டு, எந்த ஆவணம் எந்த மொழியில் கொடுக்கப்பட்டது, அதன் பிரதி ஆகியவை சேர்ந்திருக்கவேண்டும்.

பணியிடம் உருவாகும்வரை, அனுப்பும் வைத்தியசாலை இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாற்றுக் கடிதத்தின் முதல் வரியில் ஆங்கிலத்தில் 'நோயாளியின் மொழி தமிழ் மட்டும்' என்று எழுதி, அதன் கீழே இந்த வாட்டில் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தரை அழைக்கக்கூடிய வாட்டுத் தொலைபேசி எண்ணையும், காலையும் மாலையும் எந்த நேரத்துக்குள் அழைக்கலாம் என்பதையும் சேர்க்கவேண்டும். கடந்த ஒரு மாதத்தில் எடுத்த வெளிமருந்துகளைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் பட்டியலிட்டு, கடிதத்தோடு கொளுவிவிடவேண்டும். திரும்பி வந்த நோயாளியிடம் அடுத்த நாளே அந்தப் பிரதேசத்துக் குடும்பநல உத்தியோகத்தரோ கிளினிக் தாதியோ உறைகளை வாங்கி, கொப்பியில் எழுதியதோடு ஒப்பிட்டு, குளிசையை எடுத்துக் காட்டச் சொல்லவேண்டும். வோர்ஃபரின், இன்சுலின், வலிப்பு மருந்து, மெதோட்ரெக்ஸேட் ஆகிய நான்குக்கும் இதை முதலில் தொடங்கலாம். மெதோட்ரெக்ஸேட் மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் குளிசை. 'கிழமைக்கு' என்ற சொல் விடுபட்டு நாளாந்தம் எடுத்தால் எலும்புக்குள் இரத்த அணுக்களை உருவாக்கும் மச்சை வேலை செய்யாமல் படுத்துவிடும். ஆகவே அந்த உறையில் 'திங்கட்கிழமை மட்டும்' என்று தமிழில் எழுதி, மருந்தாளரே கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும்.